ஏசி மெக்கானிக் கட்டிய வீடு

மைதீன் கனிக்கு நடந்துகொண்டேதான் சாயா குடிக்க வரும். கிளாஸ் கையில் இருக்கும், ஆள் அஸ்திவாரத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய்க்கொண்டிருப்பார். பேச்சுக் கொடுத்தால் பேசுவார். ஆனால் கண் மேலே தென்னை ஓலையில் இருக்கும், ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று. பாதி சாயா மண்ணில் சிந்தும். மீதி ஆறிப்போகும். அதை ஒரே மடக்கில் ஊற்றிவிட்டு, "கொத்தனாரே, அந்த வாசலை இன்னும் கொஞ்சம் தள்ளுவோமா?" என்பார். அந்த வாசலை அதற்குள் எத்தனையோ தடவை தள்ளியாகிவிட்டிருக்கும்.

நான் கொத்தனார். ஊர் அருமனை. ரப்பர்த் தோட்டத்துக்குள் பிறந்து வளர்ந்தவன். கடல் எனக்கு மீன் வாங்கப் போகிற இடம், அவ்வளவுதான். ஆனால் வேலை முழுக்கக் கடற்கரைப் பக்கம். தேங்காப்பட்டணத்திலும் குளச்சலிலும் கல்ஃப்காரர்களுக்கு வீடு கட்டிக் கட்டியே என் தலை நரைத்தது. எல்லாம் ஒரே அச்சு. முன்னால் இரண்டு தடித்த தூண், நீலக் கண்ணாடி, தலைக்கு மேலே கான்கிரீட் வார்ப்பு. மழைக்காலத்தில் பார்த்தால் அரண்மனை. பங்குனி வந்தால் உள்ளே அப்பளம் பொரிக்கலாம். உடனே அறைக்கு ஒரு ஏசி மாட்டுவார்கள். கண்ணாடி வழியாக வெயிலை உள்ளே விட்டு, ஏசியை வைத்து அதை வெளியே தள்ளுவார்கள். எனக்கு என்ன? கட்டச் சொன்னதைக் கட்டினேன்.

மார்த்தாண்டத்தில் ஒரு கம்பிக் கடையில் வைத்துத்தான் மைதீன் கனி காக்கா என்னைப் பிடித்தார். பேர், ஊர் ஒன்றும் கேட்கவில்லை. "ஏசி இல்லாத வீடு கட்டத் தெரியுமா ஓய்?" என்றார்.

"ஏசி வாங்காம இருந்தாப் போதுமே காக்கா, அதுக்கு நான் எதுக்கு?" என்றேன்.

கடைக்காரன் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். சவூதியில் தம்மாமில் ஏசி மெக்கானிக் வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏசி மெக்கானிக்குக்கு ஏசி இல்லாத வீடு!

"சிரிக்காதேயும்," என்றார். "குளிரு உள்ளயாக்கும். நான் வெளிய. மொட்டை மாடியில அந்தப் பெட்டி காறித் துப்புத வெக்கையில நின்னு நின்னு என் தோலு ரெண்டு தடவ உரிஞ்சு முளைச்சாச்சு. ஒரு அறை குளுருதுன்னா அதுக்கு வெளிய எவனோ வேகுதான்னு அர்த்தம். என் வீட்டுல அது வேண்டாம். வீடு தானாக் குளுரணும்."

அதன்பிறகு நான் சிரிக்கவில்லை.

தோப்பு கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது. தென்னைகள், நடுவில் ஒரு பெரிய அயினி மரம். அது ஒரு மார்கழி மாதம். அவருக்கு எப்போதும் மார்கழியிலும் தையிலும்தான் லீவு. வெயில் காலத்தில் ஏசி மெக்கானிக் லீவு கேட்டால் கம்பெனிக்காரன் ஆளையே மாற்றிவிடுவான். மனைவி ஷாஜிதா பேகத்தின் பழைய சேலை ஒன்றைக் கிழித்து ஒவ்வொரு மரத்திலும் ஒரு துண்டு கட்டியிருந்தார். அத்தனை துண்டும் கடலைப் பார்த்துப் பறந்துகொண்டிருந்தன. காற்று வடகிழக்கிலிருந்து, மலைப் பக்கத்திலிருந்து வந்தது. நல்ல குளிர்க் காற்று.

"பாத்தீரா? ஒவ்வொரு லீவுக்கும் கட்டிப் பாத்தாச்சு. காத்து இங்ஙனதான் வருது. மாறவே மாறாது."

குச்சியால் மணலில் வீட்டை வரைந்தார். வடக்கும் கிழக்கும் திறந்து கிடக்கும். ஆளுயரச் சன்னல்கள், உள்ளே நுழைந்த காற்று எங்கும் முட்டாமல் ஓடுகிற மாதிரி ஒன்றுக்கொன்று நேராக வாசல்கள். மேற்கில் கனத்த சுவர், ஒரு ஓட்டை கிடையாது. சாயங்கால வெயில் அந்தப் பக்கமாக்கும் வரும், அதனால். அடுக்களையும் அதன் முற்றமும் தென்மேற்கு மூலையில். புகையைக் காற்று அப்படியே கடலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். சுவர் வெட்டுக்கல். பூச்சு வேண்டாம். கூரைக்கு வார்ப்பு வேண்டாம், கீழே சீலிங் ஓடு, ஒரு சாண் இடைவெளி விட்டு மேலே மங்களூர் ஓடு. இடைவெளியில் சூடு நின்று, உச்சியில் விட்ட வழியாக வெளியே போகும். இறவாணம் நன்றாகத் தாழ்ந்து சுவரில் வெயில் படாமல் காக்கும். விளக்கு, ஃபேன், தண்ணீர் மோட்டார் எல்லாம் ஓட்டின் மேல் வைக்கிற சோலார் பலகையில் ஓடும். அயினி மரத்தை வெட்டக் கூடாது. அந்த மரத்துக்காக ஒரு சுவரை வளைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மரத்துக்கு நான் வழிவிட்டேன்.

ஷாஜிதா பேகம் வந்து பார்த்தார். கையில் மீன் வாங்கிய பை. சற்று நேரம் மணல் கோடுகளைப் பார்த்தார்.

"கல்லப் பூசாம விட்டா, பாதியில நிறுத்திப் போட்டாங்கன்னு நாலு பேரு கேப்பாங்க," என்றார்.

"கேக்கட்டு."

"மேக்க ஒரு சன்னலாவது..."

"ஷாஜிதா, நான் இருவது வருசமா குளிருல பொழப்பு நடத்துதவன். நீ போயி மீனப் பாரு."

அவர் என்னைப் பார்த்தார். "முருகதாசண்ணே, நீங்களாவது கேளுங்க," என்பது போல ஒரு பார்வை. நான் மட்டப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கடற்காற்றைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அவர் போய்விட்டார்.

அஸ்திவாரம் முடிந்ததும் மைதீன் கனி கடைசிக் காண்டிராக்டை முடித்துவிட்டு வருகிறேன் என்று சவூதிக்குப் போனார். போனவர் என்னை விட்டாரா? வாட்ஸ்அப்பில் வீடியோ வரும். அவர் ஏதோ ஒரு மாடியில் தலையில் ஈரத் துண்டுடன் நிற்பார், பின்னால் வரிசையாக ஏசிப் பெட்டிகள் உறுமிக்கொண்டிருக்கும். "கேமராவ மேல தூக்கும். அந்தக் கல்லு கோணலா இருக்கு ஓய். இல்லியா? அப்ப என் போனு கோணல்." நான் சாந்து குழைத்த கையோடு போனைப் பிடித்துக்கொண்டு சுவர் சுவராகக் காட்ட வேண்டும். சவத்தெழவு, ஒரு நாள் போன் சாந்துச் சட்டிக்குள்ளேயே விழுந்தது.

அடுத்த மார்கழியில் ஒரேயடியாக வந்து சேர்ந்தார். தையில் வீடு முடிந்தது. குடியேறினார்கள்.

சும்மா சொல்லக் கூடாது. மத்தியானம் உள்ளே நுழைந்தால் ஆற்றில் முங்கி எழுந்த மாதிரி இருந்தது. காற்று வடக்கு வாசலில் நுழைந்து கூடத்தைக் கழுவிக்கொண்டு போயிற்று. ஊர்க்காரர்கள் பார்க்க வந்தார்கள். பூசாத கல்லைத் தடவிப் பார்த்துக் கேலி செய்யத் தொடங்கியவர்கள், உள்ளே வந்ததும் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்து விட்டார்கள். மைதீன் கனி மட்டும் உட்காரவில்லை. ஒவ்வொருவர் பின்னாலும் நடந்து, "எங்கயாவது வெக்கை தெரியுதா? இந்த மூலையில? இல்லியே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த நேரத்தில்தான் மகள் ஷிபானாவின் கல்யாணம் உறுதியானது. மாப்பிள்ளை ஃபாயிஸ் கத்தாரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை. நோன்புப் பெருநாள் கழிந்து கல்யாணம். அவர்கள் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்குப் பின் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்துதான் தங்குவான். அவனுக்கென்று ஒரு அறை ஒதுக்கி, கட்டில் போட்டு, அலங்கரித்து வைக்க வேண்டும். பெண் வீட்டின் மரியாதை அந்த அறையில்தான் இருக்கிறது. மைதீன் கனி மேற்கு மூலை அறையை அதற்கென்றே கட்டச் சொல்லியிருந்தார். அதன் மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுக்களை முற்றம். மாப்பிள்ளையின் கண் வீட்டுப் பெண்கள் புழங்குகிற முற்றத்தில் விழக் கூடாது என்பதால் அந்தச் சுவர் அடைத்தே இருந்தது வசதியாகவும் போயிற்று.

அறையைப் பார்க்க மாப்பிள்ளையின் தாய்மாமன் ஜக்கரியா குளச்சலிலிருந்து வந்தார். அங்கே அவருக்கு ஐஸ் வியாபாரம். படகுகளுக்கு ஐஸ் கட்டி கொடுக்கிறவர். நல்ல தடித்த மனிதர், குரலும் தடிமன்.

"எல்லாம் கொள்ளாம் மச்சான், நல்லா இருக்கு. ஏசி எங்க?"

"ஏசி வேண்டாத அறையாக்கும் இது."

"ஏசி மெக்கானிக்கு வீட்டுல ஏசி இல்லன்னு சொன்னா ஊருல சிரிக்க மாட்டாங்களா? குளிரப் பத்தி எனக்கும் கொஞ்சம் தெரியும். நான் ஐஸ் விக்கவன்."

"நீங்க விக்கிற குளிரு உருகிப் போகும். இது உருகாது."

வாக்குவாதம் முற்றி, கடைசியில் ஒரு பேச்சு முடிவானது. இப்போது தை. எல்லா வீடும் குளிரும். கல்யாணத்துக்கு முன், பங்குனி வெயிலில் ஒரு நாள் ஜக்கரியா வந்து அந்த அறையில் இருந்து பார்ப்பார். அவருக்கு வேர்த்தால் மைதீன் கனி தன் கையாலேயே ஏசி மாட்டிவிட வேண்டும்.

ஏசி மாட்டுவதென்றால் ஒரு பெட்டியைத் தொங்கவிடுவது மட்டுமல்ல. ஓட்டு இடைவெளியில் குளிர் ஓடிவிடும். ஆகவே மேலே பலகை அடித்து மூட வேண்டும். சன்னல்களுக்குக் கண்ணாடி போட்டு அடைக்க வேண்டும். சோலார் தாங்காது, தடித்த கம்பி இழுத்துக் கரண்ட் கொண்டுவர வேண்டும். அந்த ஒரு அறைக்காக வீட்டின் மூக்கைப் பொத்த வேண்டும். அவ்வளவு வருடம் மாடி வெயிலில் நின்று அவர் மனதில் கட்டி வைத்த வீடு அதோடு போய்விடும். அது தெரிந்துதான் சரி என்றார். அவ்வளவு நம்பிக்கை.

மாசி பிற்பாதியில் காற்று நின்றது.

பிறகு நோன்பு தொடங்கிற்று, பங்குனி வந்தது, எனக்குப் போன் வந்தது. "கொத்தனாரே, ஒருக்கா வந்துட்டுப் போரும்."

போனேன். கூடத்துக்குள் கால் வைத்ததும் மீன் வறுத்த வாடை முகத்தில் அடித்தது. மேற்கு அறைக்குள் போனால் செங்கல் சூளைக்குள் தலையை விட்ட மாதிரி. சாயங்கால வெயிலை அந்தக் கனத்த வெட்டுக்கல் சுவர் முழுசாகக் குடித்துவிட்டு, இருட்டின பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. ஃபேன் சூட்டைத்தான் சுற்றி அடித்தது.

மைதீன் கனி ஆளே இளைத்துப் போயிருந்தார். நோன்பு வாயோடு உச்சி வெயிலில் ஓட்டின் மேல் ஏறி ஓட்டுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார். சுவரில் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டிருந்தார். அது காய்ந்து சுருண்டு கிடந்தது. இறவாணத்தில் கீற்றுத் தட்டி கட்டியிருந்தார். நான் நிற்கும்போதே சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தார், ஓடிப்போய்த் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், வெளியே போனார், வந்தார்.

"எங்கயோ ஒரு தப்பு இருக்கு. வெக்கை எங்ஙன ஏறுதுன்னு பிடிச்சிருவேன். நீரு இந்த ஓடு ரெண்டு வரி பிரியும்."

"ஓட்டுல ஒண்ணும் இல்ல காக்கா."

"பின்ன சாந்துலயா?"

"என் சாந்துல கை வச்சா நான் இப்பவே போயிருவேன், சொல்லிட்டேன்."

அடுத்த வாரம் ஜக்கரியா வருகிற நாள். இவருக்கு உறக்கம் இல்லை. எனக்கும் தலைவேதனை. மறுநாளும் போனேன். அசர் தொழுகை முடிந்த சாயங்கால நேரம். இரண்டு பேரும் அந்த அறையில் வேர்த்து ஊற்றிக்கொண்டு நின்று பார்த்தோம். தாங்க முடியாமல் மைதீன் கனி அடுக்களை வாசல் வழியாக முற்றத்துக்குப் பாய்ந்தார். நானும் பின்னாலே போனேன்.

அங்கே அந்த மேற்குச் சுவரில் சாய்ந்து ஷாஜிதா பேகமும் ஷிபானாவும் நோன்புக் கஞ்சிக்கு உள்ளி உரித்துக்கொண்டிருந்தார்கள். இருவர் முக்காட்டுத் துணியும் நிற்கவில்லை, பறந்துகொண்டிருந்தது. உள்ளித் தோல் முற்றம் முழுக்க ஓடிற்று. கடலிலிருந்து காற்று நேராக வந்து அந்த ஓட்டையில்லாத சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நாங்கள் இவ்வளவு நேரமும் வெந்துகொண்டிருந்தோம்.

மைதீன் கனி காற்றில் கையை நீட்டினார். "இது எப்ப இங்ஙன வந்துது?"

"எது?" என்றார் ஷாஜிதா பேகம்.

"இந்தக் காத்து!"

"மாசி கழிஞ்சா கடக்காத்துதான். பொறந்த கொச்சுக்கும் தெரியும். எங்க உம்மா வீட்டுல பங்குனி சித்திரைன்னா எல்லாரும் மேக்குப் பக்கம்தான் பாய விரிப்போம்."

"பின்ன எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

ஷாஜிதா பேகம் உரிப்பதை நிறுத்தினார். கோபமாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்லுகிற மாதிரியும் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். "நீங்க எந்தப் பங்குனிக்கு இஞ்ச இருந்திய?"

மைதீன் கனி விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். ஒரு பங்குனியைத் தேடுகிறார் என்று தெரிந்தது. அவர் கல்யாணம் மார்கழியில். ஷிபானா பிறந்தபோது இல்லை. அவள் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது இல்லை. மாமனார் மவுத்தானபோது இல்லை. வந்ததெல்லாம் மார்கழி, தை. அந்த இரண்டு மாதத்தின் காற்றைத்தான் சேலைத் துண்டு கட்டி அளந்திருக்கிறார். அம்மிக்கல் பக்கத்தில் கிடந்த பலகையில் மெல்ல உட்கார்ந்தார்.

"அண்ணைக்கே சொல்ல வந்தேன்," என்றார் ஷாஜிதா பேகம். "மீனப் பாக்கச் சொன்னிய. பாத்தேன்."

ஷிபானா குனிந்துகொண்டு சிரித்தாள். நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அந்த மனிதர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நிறைய நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன். இல்லை, உடனே எழுந்துவிட்டார். "கொத்தனாரே, சுவர உடையும்."

"மாப்பிள்ள அறைச் சுவரா?" என்று ஷாஜிதா பேகம் பதறினார். "கல்யாணத்துக்கு ஆளு வரப்போவுது! முற்றத்துல நாங்க எப்படிப் புழங்க?"

அதற்கு நான் ஒரு வழி சொன்னேன். சுவரை உடைத்துவிட்டு, அதே கல்லைச் சின்னதாகக் கொத்தி, கல்லுக்குக் கல் இடைவெளி விட்டுச் சரித்து அடுக்கலாம். இடைவெளிகள் நேராக இல்லாமல் சாய்ந்து போகும். காற்று வளைந்து உள்ளே வரும், பார்வை கல்லில் முட்டி நின்றுவிடும். வெயிலும் நேராகப் படாது. மறுநாளே கடப்பாரையை எடுத்தோம்.

அதற்கடுத்த நாள் ஜக்கரியா வந்துவிட்டார். அடுத்த வாரம் என்று சொன்ன மனிதர், மார்த்தாண்டத்தில் ஏதோ வேலையாக வந்தாராம், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாமென்று. வந்து அறை வாசலில் நின்றவர் அசையவில்லை. கட்டில் போட வேண்டிய இடத்தில் கல் குவிந்து கிடக்கிறது. மேற்கே சுவருக்குப் பதில் ஒரு பெரிய வாய். வாய்க்கு அந்தப் பக்கம் கல்யாணப் பெண் சாளை மீன் அறுத்துக்கொண்டிருக்கிறாள்.

"என்ன மச்சான் இது?"

மைதீன் கனி சொல்லத் தொடங்கினார். கடற்காற்று, மலைக்காற்று, மாசி, பங்குனி என்று தலையும் வாலும் இல்லாமல். ஜக்கரியா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கல்லுக்கு நடுவே போட்டு உட்கார்ந்தார். நோன்பாளி, தடித்த உடம்பு, வெயிலில் வந்தவர். காற்று அவர் சட்டையைப் பின்னால் தூக்கியது. கண்ணை மூடிக்கொண்டார். மீன் வாடையும் சேர்ந்துதான் வந்தது.

"காத்து கொள்ளாம்," என்றார். "ஆனா சுவரில்லாத அறையில மாப்பிள்ளைய எப்படிக் கிடத்த?"

"சுவரு வரும். சரிச்சு அடுக்குவோம்," என்றேன் நான்.

"எல்லாம் கேக்கக் கொள்ளாம் கொத்தனாரே. நாலு நாளுல பெருநாளு. ஒரு ஏசியத் தூக்கி மாட்டினா இந்தக் கிடுபிடியெல்லாம் எதுக்கு? மச்சான், வாக்குக் குடுத்தவரு நீங்க."

மைதீன் கனி உடைந்த சுவரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். அவரை அவ்வளவு களைத்து நான் பார்த்ததில்லை. "செரி," என்றார். "எனக்கே தெரியாத காத்த நம்பி வாக்குக் குடுத்தேன். தப்பு என்னுதாக்கும். சுவர அடைச்சிட்டு ஏசி வைக்கேன்."

என் கையிலிருந்த கடப்பாரையை அவர் தலையில் போடலாமா என்று இருந்தது. அப்போது முற்றத்திலிருந்து குரல் வந்தது.

"மாமா, ஏசி வேண்டாம்."

ஷாஜிதா பேகம் ஓடி வந்தார். "ஏட்டி, உள்ள போ!"

"எங்க உம்மா உள்ள போக? சுவரு இல்லியே." ஷிபானா முக்காட்டை இழுத்துவிட்டு எழுந்து நின்றாள். கையில் மீன் செதில். "மாமா, அவருக்கு லீவு ஒண்ணரை மாசம். பொறவு அந்த அறையில கிடக்கப் போறது யாரு? நான். ஏசின்னா மேல பலகை அடிக்கணும், சன்னல் எல்லாம் அடைக்கணும். அவரு கத்தாருக்குப் போயிருவாரு. அடைச்ச பெட்டிக்குள்ள நான் கிடக்கணும். எல்லாரும் மாப்பிள்ளைக்கு வேர்க்குமான்னுதான் பாக்கிய. எனக்கு என்ன வேணும்னு ஒருத்தராவது கேட்டியளா?"

மாப்பிள்ளையின் தாய்மாமன் முன்னால் கல்யாணப் பெண் வாய் திறப்பது நடக்கிற காரியம் இல்லை. ஷாஜிதா பேகம் வாயைப் பொத்திக்கொண்டார். கல்யாணம் போயிற்று என்று நானும் நினைத்தேன்.

ஜக்கரியா போனை எடுத்து மருமகனுக்கு வீடியோ போட்டார். உடைந்த சுவரைச் சுற்றிக் காட்டினார். "பாரு மக்கா, இதாக்கும் உனக்கு அறை. ஏசி வேண்டாம்னு பொண்ணு சொல்லுதா. நீ என்ன சொல்லுத?"

ஃபாயிஸின் குரல் எல்லோருக்கும் கேட்டது. "அவளேயா சொன்னா?"

"பின்ன நானா?"

"மாமா, இஞ்ச ஒரு அறையில ஆறு பேரு. ரிமோட்டு எவன் தலையணைக்கு அடியில இருக்குன்னே தெரியாது. கம்பளியப் போத்திக்கிட்டு விறைச்சுக் கிடக்கேன். ஊருக்கு வந்தும் அதுவா? அவ சொன்னபடி ஆகட்டு."

"நிக்காஹ் முடியட்டும்ல! அதுக்குள்ள 'அவ சொன்னபடி'யா?" என்றார் ஜக்கரியா. போனை வைத்துவிட்டு எழுந்தார். போகும்போது என் பக்கம் திரும்பினார். "காத்து வரட்டு. கண்ணு வரக் கூடாது. வந்துதுன்னா ஐஸ் கட்டியக் கொண்டாந்து நானே அடைப்பேன்."

பெருநாளைக்கு முந்தின நாள் வரை அடுக்கினோம். கடைசிக் கல்லை வைத்ததும் ஷாஜிதா பேகம் முற்றத்தில் நின்றார், நான் அறைக்குள்.

"அண்ணே, தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல்ல."

"கை ஆட்டுதேன், தெரியுதா?"

"இல்ல."

"நாக்க நீட்டுதேன்."

"எனக்கா நீட்டுதிய?"

"இல்ல, வீட்டுக்காரருக்கு. அவரு உள்ளதானே நிக்காரு?"

மைதீன் கனி சிரித்தே விட்டார்.

மீன் வறுக்கிற அடுப்பை ஷிபானாவே வடக்குப் பக்கம் மாற்றச் சொன்னாள், மாற்றிக் கொடுத்தேன். கல்யாணம் நன்றாக நடந்தது. அந்த அறை ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். சித்திரை சித்திரைதான். ஆனால் சாயங்காலம் காற்று சரிந்த கல்லுக்குள் நுழைந்து கொசுவலையைத் தூக்கியபடி இருந்தது. ஃபாயிஸ் ஒன்றரை மாதமும் அந்த அறையில் கிடந்தான். சளி பிடிக்காமல் ஒரு லீவு போயிற்று என்று சொன்னதாகக் கேள்வி. பிறகு கத்தாருக்குப் போனான்.

ஆனியில் மழை பிடித்தது. காலையிலேயே போன்.

"கொத்தனாரே, அறைக்குள்ள மழை!"

நனைந்துகொண்டு பஸ் பிடித்துப் போனேன். சாரல் மேற்கேயிருந்து சாய்ந்து வந்து, சரித்து அடுக்கிய கல்லின் ஒவ்வொரு இடைவெளி வழியாகவும் பூந்து மெத்தையை ஊற வைத்திருந்தது. காற்றுக்கு வழி விட்டால் மழைக்கும் அதுதான் வழி. மைதீன் கனி ஈர மெத்தையை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் கூடத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"ஆனிச் சாரல் மேக்கேருந்துதான் அடிக்கும்," என்றார் ஷாஜிதா பேகம், படுக்கை விரிப்பைப் பிழிந்துகொண்டே.

"அறிஞ்சுக்கிட்டு இருந்தியா? முன்னமே சொன்னா என்ன?"

"பங்குனிக் காத்தத்தான கேட்டிய. ஆனிக்குக் கேக்கல்லியே."

ஒரு மரக் கதவு செய்து வெளிப்பக்கம் மேலே கீல் வைத்துத் தொங்கவிட்டால் சரியாகிவிடும் என்றேன். மழைக்குத் தாழ்த்தலாம், காற்றுக்குக் கம்பு கொடுத்துத் தூக்கி வைக்கலாம். ஆனால் மைதீன் கனி அதைக் கேட்கவே இல்லை. மெத்தையைக் கீழே போட்டார்.

"அப்ப ஐப்பசிக்கு என்ன? கார்த்திகைக்கு? எல்லாத்தையும் இப்பவே சொல்லிரு ஷாஜிதா. கொத்தனாரு இஞ்சதான் இருக்காரு, ஒரேயடியாச் செஞ்சு முடிச்சிருவோம்."

ஷாஜிதா பேகம் விரிப்பை உதறிக் கொடியில் போட்டார். "விசா முடிஞ்சாச்சுல்லா? எங்க போகப் போறிய? இருந்து பாருங்க."

மைதீன் கனி சாரல் எந்தச் சாய்வில் விழுகிறது என்று பார்க்கத் தலையில் துண்டுகூடப் போடாமல் முற்றத்தில் இறங்கிவிட்டார். கதவுக்கு அளவெடுக்க நாடாவின் மறுமுனையைப் பிடிக்க எனக்கு ஆள் வேண்டியிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன், காதில் விழவில்லை. ஷிபானா வந்து பிடித்தாள்.